இராமானுஜனைத் தாங்கிய கைகள்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் மொழி. ஆயினும் முளை தெரிந்துவிட்டால் மட்டும் பயிர் விளைந்துவிடுமா? நீர் பாய்ச்சுவோர் வேண்டும். வேலி கட்டுவோர் வேண்டும். களை எடுப்போரும் வேண்டும். நல்ல விதையாயிற்றே, தானே விளைந்துகொள்ளும் என்று விட்டுவிட்ட வயலின் கதியை நம்மவர் யாவரும் அறிவர். கூரிய அறிவோடு பிறக்கும் குழந்தைகளின் கதியும் அதுவே. இதனை விளக்குதற்குக் கணித மேதை சீனிவாச இராமானுஜன் அவர்களின் வாழ்க்கையைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை.

இராமானுஜன் பெயரைக் கேளாத தமிழர் இலர். வறுமையிலே பிறந்து, எவர் துணையுமின்றித் தாமே மேதையானார் என்று நம் வீடுகளிற் பிள்ளைகளுக்குச் சொல்லுகின்றோம். இதில் தாமே என்னும் சொல் முழு உண்மையன்று. அவருடைய 32 ஆண்டு வாழ்க்கையை வரிசையாக நோக்குவோமாயின், அவர் ஏறிய ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் கை நீட்டி நின்றிருக்கக் காண்கின்றோம். அவர் வழுக்கி வீழ்ந்த இடங்களில் அத்தகைய கை இருந்ததில்லை. அக்கைகள் யாருடையவை என்பதைச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டியார் இல்லத்தில் இராமானுஜன் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையிற் குமாஸ்தா. திங்களுக்குச் சுமார் 20 ரூபாய் ஊதியம். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுபவர். உறுதியான உள்ளம் படைத்தவர். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அவர்களுடைய சிறிய வீடு இருந்தது. இராமானுஜனுக்கு இரண்டு வயதாகும் சமயத்தில் அம்மை கண்டது, பிழைத்தெழுந்தார். அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் சிசுப் பருவத்திலேயே மறைந்தன. ஆகவே தாயின் அன்பெல்லாம் இம்மகன் மீதே குவிந்ததில் வியப்பில்லை.

நம்மைப் போல் மாற்றல் உத்தரவின் பேரில் ஊர் ஊராய்ச் செல்லும் குடும்பங்கள் ஒரு செய்தியைக் கவனித்தல் நலம். சிறு வயதில் இராமானுஜனும் நிலையாக ஓரிடத்திற் படிக்கவில்லை. காஞ்சிபுரத்தில் வழக்குமன்ற அலுவலராயிருந்த தாய்வழிப் பாட்டனார் வேலையிழந்ததும், தாயும் மகனும் கும்பகோணம் திரும்பினர். பின்னர்த் தந்தைவழிப் பாட்டனார் காலமாகவே, சிறுவன் சென்னையிலிருந்த தாய்வழிப் பாட்டனாரிடம் அனுப்பப்பட்டான். சென்னைப் பள்ளிக்கூடம் அவனுக்குச் சற்றும் பிடிக்கவில்லை; போகாமல் ஒளிந்து திரிந்தான். அவனைப் பள்ளிக்கு அனுப்பும் பொருட்டு வீட்டார் போலீஸ் கான்ஸ்டபிள் ஒருவரின் உதவியைக்கூட நாடினர்! ஆறு மாதத்திற்குள் கும்பகோணத்திற்கே அழைத்துக்கொண்டனர். பின்னாளில் உலகமே வியந்த அறிஞர், பள்ளிக்கூடத்தைக் கண்டு ஓடிய பிள்ளைதான். புதிய ஊரில், புதிய வகுப்பில் மனம் ஒட்டாத குழந்தையை மந்தன் என்று முடிவு கட்டிவிடுவோர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

கும்பகோணம் காங்கேயன் ஆரம்பப் பள்ளியிற் படித்தபோது, 1897 நவம்பரில் நடந்த தேர்வில் ஆங்கிலம், தமிழ், பூகோளம், கணக்கு ஆகிய பாடங்களில் மாவட்டத்திலேயே முதன்மையாகத் தேறினார். இந்த நான்கு பாடங்களையும் ஊன்றிப் படிக்க வல்ல பிள்ளையாகவே அவர் அப்பொழுது இருந்தார் என்பதை வாசகர்கள் மனத்திற் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

டவுன் உயர்நிலைப் பள்ளி

1898இல் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். குடும்ப வருவாய் போதாமையால், கல்லூரி மாணவர் சிலர்க்குத் தம் வீட்டிலேயே இடம் கொடுத்துச் சோறும் போட்டு வந்தார் கோமளத்தம்மாள். வறுமை செய்த இவ்வேற்பாடே மகனுக்கு நன்மையாய் முடிந்தது. பதினோரு வயதுப் பையன் அம்மாணவர்களிடம் ஓயாது கேட்டுக் கேட்டு அவர்கள் அறிந்த கணக்கையெல்லாம் கற்றுத் தீர்த்தான். லோனி என்பவர் இயற்றிய திரிகோணமிதி நூலை இரவல் பெற்று, 13 வயதிற்குள் முழுதும் தேர்ந்தான். சிறுவன் தானே என்று அம்மாணவர்கள் அவனை விரட்டவில்லை. விடை சொன்னார்கள், தெரியாதபோது நூலைக் கொடுத்தார்கள். ஒரு குழந்தைக்குச் செய்யத்தக்க உதவிகளுள் இஃது எளியது. ஆயினும் அரிதாகவே கிடைப்பது.

எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று ஆசிரியர் கற்பித்தபோது, சூனியத்தைச் சூனியத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா என்று அவர் வினவியதாகச் சொல்லுவர். இத்தகைய வினாக்களைக் குறும்பென்று கருதி பெஞ்சின்மேல் நிற்கவைக்கும் ஆசிரியர் எக்காலத்தும் உண்டு. டவுன் பள்ளி ஆசிரியர்கள் அங்ஙனம் செய்யவில்லை. சுமார் 1200 மாணவர்களையும் முப்பத்தைந்து ஆசிரியர்களையும் வகுப்புகளுக்குப் பிரித்துக் கால அட்டவணை அமைக்கும் தொல்லைமிக்க வேலையில், மூத்த கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் இம்மாணவரின் துணையைப் பெற்றார். பெரியவர் ஒருவர் தம் பொறுப்பிற் பங்கு தந்து மதித்தது, இளைஞன் உள்ளத்தில் எத்துணைத் தெம்பை ஊட்டியிருக்கும்! 1904இல் கணிதத்திற்கான ரங்கநாதராவ் பரிசை வழங்கியபோது, தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் இம்மாணவர் நூற்றுக்கு நூறுக்கும் மேற்பட்ட மதிப்பெண்ணுக்கு உரியவர் என்று சபையறியப் பாராட்டினார்.

ஒரு நூலும் ஒரு குறையும்

இதற்கிடையே 1903ஆம் ஆண்டு, நண்பர் ஒருவர் வாயிலாக நூலகத்துப் புத்தகம் ஒன்று அவர் கைக்கு வந்தது. கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சுருக்கம் அது. சுமார் ஐயாயிரம் முடிபுகள் வரிசை எண்ணிட்டு அதில் அடுக்கப்பட்டிருந்தன. பலவற்றுக்கு நிறுவும் முறை சொல்லப்படவில்லை. சொல்லியவையும் மிகச் சுருக்கம். மற்றவர்க்கு உலர்ந்த சருகாய்த் தோன்றும் அந்நூல் இராமானுஜனுக்கு அமுதமாயிற்று. ஒவ்வொன்றையும் தாமே நிறுவத் தொடங்கி, அங்கிருந்து எவரும் காணாத புதிய முடிபுகளை நோக்கி நடந்தார்.

காகிதம் வாங்கப் பணமில்லை. ஆகையால் கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதி, இறுதி விடையை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றுவார். நிறுவும் வழி பலகையோடு அழிந்து போயிற்று. விடையை மட்டும் எழுதினாற் போதாது, வழியையும் எழுதிக் காட்டவேண்டும் என்று அருகிலிருந்து உரைக்க, அந்த உயரத்துக் கணிதம் அறிந்த ஒருவர் அவ்வயதில் அவர்க்கு வாய்க்கவில்லை. பின்னர் இங்கிலாந்து சென்றபோது இக்குறையை ஈடு செய்ய அவரும் அவர் ஆசான்களும் பெரிதும் உழைக்க நேர்ந்தது.

வீழ்ந்த ஆண்டுகள்

1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். இங்கேதான் கதை திரும்புகிறது. கணிதம் அவரை முழுதும் விழுங்கிவிட்டது. பிற பாடங்களை ஏறெடுத்தும் பாரார். ஆங்கிலக் கட்டுரையிற் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. தாயார் கல்லூரித் தலைவரிடம் நேரிற் சென்று முறையிட்டும் பயனில்லை. விதி விதிதான் என்று விடை வந்தது. 1905 ஆகஸ்டில், எவரிடமும் சொல்லாமல், அவமானம் தாங்காத அப்பதினேழு வயது இளைஞர் விசாகப்பட்டினம் நோக்கி ஓடிப்போனார்.

1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். ஆங்குப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவர் திறனை அறிந்து, கணித இதழ்களில் வரும் கடினமான கணக்குகளை அவரோடு சேர்ந்தே ஆராய்ந்தார். எனினும் உடற்கூற்றுப் பாடம் குறுக்கே நின்றது. அவ்வாண்டிறுதியில் எஃப்.ஏ. தேர்வில் தவறினார், 1907இல் மறுமுறை எழுதி, கணிதத்தில் மட்டும் தேறி மற்றவற்றில் தவறினார். கல்லூரி வாயில் அடைபட்டது.

இதனால் இரண்டு பக்கத்துப் பிழையையும் நாம் உணரவேண்டும். ஒரு துறையில் ஒப்பற்றவனை மறுதுறை மதிப்பெண்ணால் அளந்து வெளியேற்றிய கல்விமுறையின் பிழை ஒன்று. பத்து வயதில் நான்கு பாடத்திலும் முதன்மை பெற்ற மாணவர் பதினேழு வயதில் ஏன் தவறினார் என்று அருகமர்ந்து விசாரித்து, நாளொன்றுக்கு ஒருமணி நேரமேனும் மற்றப் பாடத்தில் உடனிருந்து உதவ எவரும் முன்வராமை மற்றொன்று. கணிதத்தில் புலி, அவனுக்கு யார் சொல்லித் தரவேண்டும் என்று எல்லாரும் எண்ணிவிட்டனர் போலும். அறிவுடைய பிள்ளைக்கு உதவி தேவையில்லை என்னும் எண்ணமே அறிவுடைய பிள்ளைக்குப் பகையாகின்றது.

அடுத்த சில ஆண்டுகள் கொடிய வறுமை. 1909 ஜூலையில் ஜானகி அம்மையாரை மணந்தார். 1910இல் அவருக்கு ஓர் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. செலவிட வழியின்றிக் குடும்பம் தவித்தபோது, மருத்துவர் ஒருவர் ஊதியம் பெறாமலே செய்து கொடுத்தார். உடல்நலம் குன்றிச் சென்னையிலிருந்து ஊர் திரும்பிய ஒரு சமயம், தாம் இறந்துபோனால் தம் குறிப்பேடுகளைச் சிங்காரவேலு முதலியாரிடமோ கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் ராஸ் என்பவரிடமோ சேர்த்துவிடும்படி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துச் சென்றார். வேலையில்லாத அவ்விளைஞரிடம் இருந்த ஒரே சொத்து அக்குறிப்பேடுகள்தாம்.

குமாஸ்தா இராமானுஜன்

அக்குறிப்பேடுகளைக் கையிலேந்தி அவர் வேலை தேடினார். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907இல் நிறுவியவரான வி. இராமசாமி ஐயர் திருக்கோவலூரில் டெபுடி கலெக்டராயிருந்தார். 1910இல் அவரிடம் சென்று தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் பதவி கேட்டார் இராமானுஜன். ஏட்டைப் புரட்டிய இராமசாமி ஐயர், ரெவினியூ இலாகாவின் அடிமட்டத்தில் இவரை அமர்த்தி இத்திறனை அடக்கிவிடலாகாது என்று துணிந்து, சென்னைக் கணித அன்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் தந்தனுப்பினார். அவ்வழியே நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவின் உதவி கிட்டியது. அவர் திங்கள்தோறும் 25 ரூபாய் தம் கைப்பொருளிலிருந்து அளித்தார். 1911இல் இராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை கணிதச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது.

பிறர் பணத்தில் வாழ அவர் உள்ளம் ஒப்பவில்லை. 1912 மார்ச்சு 1ஆம் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். பேரேடும் கோப்புமாக நாட்கழிக்கும் எம்போன்றோர்க்கு இப்பகுதி தனி இன்பம் தருவது. அங்கு மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் பயின்றவர். கீழ்நிலைக் குமாஸ்தாவென்று ஒதுக்காமல், இரவு நேரங்களில் தம் இல்லத்தில் அவரோடு பலகையும் கையுமாக அமர்வார். படிகளைத் தாண்டிச் செல்லும் இராமானுஜனைத் தடுத்து, ஒவ்வொரு படியையும் பிறர்க்கு விளங்க எழுதுமாறு வற்புறுத்துவார். முன்பு வாய்க்காத துணை இப்போது வாய்த்தது. கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் நெடுங்காலம் ரயில்வே பொறியாளராயிருந்தவர். கோதாவரியாற்றின் ரயில் பாலப் பணியிற் பங்கு கொண்டவர். 1905இல் கண்ணீரோடு வடக்கே ஓடிய இளைஞர் ரயிலேறிப் போயிருந்தால் அப்பாலத்தைத்தான் கடந்திருக்க வேண்டும். ஏழாண்டு கழித்து அதே ஸ்பிரிங் துரை அவருக்கு ஆதரவாளரானார்.

இவர்கள் தந்த ஊக்கத்தால் இராமானுஜன் இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்கு எழுதலானார். முதலில் எழுதிய இருவரிடமிருந்து பயன் கிட்டவில்லை. 1913 ஜனவரி 16ஆம் நாளிட்டு, நூற்றுக்கு மேற்பட்ட முடிபுகளுடன் கேம்பிரிட்ஜ் டிரினிடிக் கல்லூரியைச் சேர்ந்த ஹார்டிக்கு எழுதினார். ஹார்டி அக்கடிதத்தைக் குப்பைத் தொட்டியில் இடவில்லை. நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்து, எழுதியவர் உயர்தர மேதை என்று தெளிந்தார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரும் பரிந்துரைக்கவே, சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே முதல் திங்கள் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. எஃப்.ஏ. தேறாதவர்க்குப் பல்கலைக்கழகம் கதவு திறந்தது. விதிக்கு விலக்கு காண மனமிருந்தால் வழியும் உண்டென்பது தெளிவாயிற்று.

கடல் கடந்து

கடல் கடத்தல் ஆசாரத்திற்கு விரோதமென்று தாயார் முதலில் தடுத்தார். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தோன்றி அனுமதித்ததாகச் சொல்லிப் பின்னர் இசைந்தார். 1914 மார்ச்சு 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் இராமானுஜன் புறப்பட்டார். கேம்பிரிட்ஜில் ஹார்டியின் துணையோடு அவர் செய்த ஆராய்ச்சி உலகறிந்தது. 1916இல் பி.ஏ. பட்டம், 1918 மே திங்களில் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவி, அதே அக்டோபரில் டிரினிடிக் கல்லூரியின் ஃபெல்லோ. இக்கடைசிப் பெருமை பெற்ற முதல் இந்தியர் அவரே.

ஆயினும் அறிவைப் பேணிய அளவு அங்கு உடலையும் உள்ளத்தையும் பேணுவாரில்லை. அது முதல் உலகப் போர்க்காலம். புலால் உண்ணாதவர், தாமே சமைப்பவர், காய்கறி கிடைப்பது அரிது, குளிரோ கடுமை. ஊணும் உறக்கமும் நேரந் தவறின. கும்பகோணத்தில் அவர் கணக்கில் ஆழ்ந்திருக்கையில் சோற்றைப் பிசைந்து கையில் வைப்பார் வீட்டார். கேம்பிரிட்ஜில் அக்கை ஏது? வீட்டிலேற்பட்ட மாமியார் மருமகள் மனத்தாங்கலால் மனைவியின் கடிதங்களும் அவரை அடையவில்லை. 1917இல் நோய் பற்றியது. மருத்துவமனை மருத்துவமனையாக மாறினார். 1918இன் தொடக்கத்தில் மனமுடைந்து, இலண்டன் நிலத்தடி ரயில் பாதையில் தம்மைத் தாமே வீழ்த்திக்கொண்டார். அதனைக் கண்ட ரயில்வே ஊழியர் ஒருவர் விசையை இழுத்து, சில அடி தூரத்தில் வண்டியை நிறுத்திவிட்டதாக வரலாறு கூறுகிறது. அவ்வூழியரின் பெயர் பலர்க்குத் தெரியாது. ஆனால் இராமானுஜனின் கடைசி ஈராண்டு ஆராய்ச்சியை உலகுக்குத் தந்தவர்களுள் அவரும் ஒருவர். ரயில்வேயிற் பணிபுரியும் நாம் அவரை நன்றியுடன் நினைத்தல் தகும்.

மறைவும் புகழும்

1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். நோய்ப்படுக்கையிலும் கணிதத்தை விடவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்குப் புதியதொரு கண்டுபிடிப்பை எழுதினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். அப்பொழுது வயது 32. அவரைக் கொன்றது சயரோகம் என்றே நெடுநாள் நம்பினர். 1994இல் மருத்துவர் ஒருவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாமென்றும், அக்காலத்திலேயே குணப்படுத்தக் கூடியதென்றும் எழுதினார். படிக்கும்போதே நெஞ்சு கனக்கின்றது.

ஜானகி அம்மையார் தையல் வேலை செய்து தம் காலில் நின்று, 1994 வரை வாழ்ந்தார். இராமானுஜனின் இறுதி ஆண்டுத் தாள்கள் 1976இல் டிரினிடிக் கல்லூரி நூலகத்திற் கண்டெடுக்கப்பட்டன. உலகத்துக் கணித அறிஞர் இன்றும் அவற்றில் உழைக்கின்றனர். அவர் பிறந்த டிசம்பர் 22 நாடெங்கும் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

நாம் செய்யத்தக்கது

விழா எடுப்பதுடன் நம் கடமை தீர்ந்துவிடுமா? நம் காலனியில் ஒவ்வொரு வரிசை வீட்டிலும் ஏதேனும் ஒன்றிற் கூர்மை பெற்ற குழந்தை உண்டு. ஒன்று கணக்கில், ஒன்று சித்திரத்தில், ஒன்று கடிகாரத்தைப் பிரித்து மாட்டுவதில். விருந்தினர் வரும்போது அக்குழந்தையை நடுக்கூடத்தில் நிறுத்தி ஒப்பிக்கச் செய்து மகிழ்கின்றோம். அவர்கள் சென்றதும் மதிப்பெண் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு வைகின்றோம். இரண்டாலும் குழந்தைக்கு நன்மையில்லை.

அது கேட்கும் வினாவுக்கு விடை சொல்லுவோம். தெரியாவிடில் தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுவோம். அதன் ஆர்வத்தைப் பறிக்காமல், பின்தங்கிய பாடத்தில் நாள்தோறும் சிறிது நேரம் உடனமர்வோம். வகுப்பாசிரியரைத் தேர்வு முடிந்த பின் சண்டையிடச் சென்று காணாமல், ஆண்டுத் தொடக்கத்திலேயே அன்போடு கண்டு பேசுவோம். வேற்றுமொழியிற் பாடம் படித்து வீட்டிற் தமிழ் பேசும் நம் பிள்ளைகள் தடுமாறுவதை அறிவின்மை என்று எண்ணாதிருப்போம். வேளைக்கு உணவும் உறக்கமும், விளையாடத் தோழரும், மனக்கலக்கத்தைச் சொல்லிக்கொள்ள ஒரு காதும் மேதைக்கும் வேண்டும்; மேதைக்கு மேலும் வேண்டும்.

இவையெல்லாம் பெரும்பொருள் வேண்டாதவை. இராமானுஜனுக்குக் கை கொடுத்தோருள் பலர் செல்வரல்லர். வீட்டில் தங்கிய மாணவர், பள்ளி ஆசிரியர், அலுவலக மேலாளர், பெயர் தெரியாத ரயில்வே ஊழியர். நம் சங்கத்தின் படிப்பகத்தில் பிள்ளைகளுக்கென ஓர் அலமாரியும், வாரத்தில் ஒருநாள் மாலை அவர்தம் ஐயங்களைத் தீர்க்க நம்முட் படித்தோர் இருவரும் கிடைப்பின், அதுவே இவ்வாண்டு விழாவின் நிலைத்த பயனாகும். அடுத்த இராமானுஜன் எவர் வீட்டில் பிறந்திருக்கின்றான் என்பதை யார் அறிவார்? அவனோ அவளோ நம் அடுத்த வீட்டுத் திண்ணையிலேயே கற்பலகையுடன் அமர்ந்திருக்கக் கூடும். கை நீட்டச் சித்தமாயிருப்போமாக.